சுழலிக்கும் பொருத்தம் வேண்டும்

எங்கள் வீட்டு அலுமாரியில் இருபத்திரண்டு இசைத்தட்டுகள் உள. என் தந்தையார் தேடிச் சேர்த்தவை. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, அவற்றை வேட்டிகளிற் சுற்றிச் சைக்கிளிற் கட்டித் தென்மராட்சிக்குக் கொண்டு சென்றார். கிராமபோன் பெட்டி வீட்டிலே நின்றுவிட்டது. மறுவருடம் திரும்பிவந்தோம், பெட்டியைக் காணோம். பாட்டு இருந்தது, பாடுவதற்கு வாய் இல்லை. தந்தையார் அவற்றை மீண்டும் கேளாமலே காலமாயினார்.

இவ்வருடத் திவசத்தன்று அவருடைய தட்டொன்றை வீட்டில் ஒலிக்கச் செய்யவேண்டும் என்னும் ஆசை எனக்கு உண்டாயிற்று. வீட்டிலே ஸ்டீரியோ ஒன்று ஏலவே உளது. ஒலிபெருக்கி ஒன்று, ஒலிப்பெட்டிகள் இரண்டு. ஆகவே, தட்டைச் சுழற்றும் கருவி மாத்திரம் போதும் என்று எண்ணிக் கொழும்புக்குப் போனேன். கடையில் ஒரு சுழலி கண்ணைக் கவர்ந்தது. பணத்தை எண்ணத் தொடங்கினேன்.

“சேர், உங்களிடம் இருப்பது எந்த ஸ்பீட் றெக்கோட்?” என்றார் கடைக்காரத் தம்பி.

முப்பது வருடம் மாணவரை வினாவிய எனக்கு அவ்வினாவுக்கு விடை தெரியவில்லை. பணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். அன்று தொடங்கிய பாடத்தையே இங்கே எழுதுகின்றேன்.

பொருத்தம் பாராது எங்கள் ஊரிலே கலியாணம் நடவாது. சுழலிக்கும் பொருத்தங்கள் உண்டு. முதலாவது வேகப் பொருத்தம். பழைய அரக்குத் தட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுழல்வன. 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை அமெரிக்காவிற் கொலம்பியா நிறுவனம் 1948இல் வெளியிட்டது. 45 முறை சுழலும் சிறுதட்டு அடுத்த வருடம் வந்தது. இன்று விற்பனையாகும் சுழலிகள் பலவற்றில் இப்பிந்திய இரண்டு வேகங்களே உள. எங்கள் தட்டுகளோ 78. நான் முதலில் விரும்பியதை வாங்கியிருந்தால், திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் தோடி சுருதி இறங்கி முனகியிருக்கும்.

இரண்டாவது ஊசிப் பொருத்தம். 78 தட்டின் பள்ளம் அகன்றது. அதற்குரிய ஊசிமுனையின் ஆரை அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவினது. நெடுந்தட்டின் ஊசிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. மெல்லிய ஊசியை அகன்ற பள்ளத்தில் விட்டால், அது அடியிற் கிடக்கும் தூசியையே வாசிக்கும். பருத்த ஊசியை நெடுந்தட்டில் விட்டாலோ பள்ளம் பழுதாகும். இருவகைத் தட்டும் உள்ளவர்கள் ஊசியை மாற்றக்கூடிய சுழலியையே வாங்குதல் வேண்டும்.

மூன்றாவது ஒலிப் பொருத்தம். பலரும் தவறும் இடம் இதுவே. காந்தவகை ஊசித்தலை தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். குறுந்தட்டுக் கருவி தருவது 2 வோல்ட் அளவு. அஃதாவது நானூறு மடங்கு. அன்றியும், தட்டிலே பதியும்போது கீழ்த்தொனியைக் குறைத்தும் மேற்றொனியைக் கூட்டியும் பதிவர். கேட்கும்போது அதனை நேராக்குதல் வேண்டும். இவ்விரு பணியையும் செய்வது போனோ முன்பெருக்கி. ஒலிபெருக்கியின் பின்புறத்திலே ‘போனோ’ என்று எழுதிய துளை உண்டாயின் அது உள்ளேயே அமைந்துளது. இல்லையாயின், முன்பெருக்கியைத் தனியே வாங்கலாம். அல்லது அஃது உள்ளமைந்த சுழலியைத் தேரலாம். இரண்டும் ஒருங்கே தொழிற்படின் ஓசை சிதறும்.

இன்னும் ஒன்று. பெட்டி வடிவிலே மலிவாக விற்கும் சில கருவிகளில் ஊசியின் பாரம் 5 கிராமளவு உளது. அதனை மாற்றவும் இயலாது. நெடுந்தட்டுகளுக்குப் பெரும்பாலும் 2 கிராமளவே போதும். பாரத்தை அளந்து திருத்தக்கூடிய கையுள்ள சுழலியே தட்டைக் காக்கும். அழகும் விலையும் இவற்றுக்குப் பின்னரே எண்ணத்தக்கவை.

மறுமுறை கொழும்புக்குப் போனபோது, மூன்று வேகமும் உள்ள சுழலியையும் 78க்குரிய ஊசியையும் கேட்டு வாங்கினேன். முதற் கண்டதிலும் விலை குறைவு; அழகும் குறைவுதான். ஒலிப்பெட்டிகளின் அதிர்வு தாக்காதவாறு, அதனைத் தனி மேசையில் மட்டமாக வைத்தேன்.

திவசத்தன்று படையல் முடிந்தபின் ஊசியை இறக்கினேன். முதலில் மழை இரைவது போன்ற சத்தம். அதனூடே நாகசுரம் எழுந்தது. திண்ணையிலிருந்த அம்மா பேசவில்லை. மூன்று நிமிடமளவிற் பக்கம் முடிந்தது. ஊசியைத் தூக்கினேன்.

“தம்பி, மற்றப் பக்கத்தையும் போடு” என்றார்.