உஷார்! ‘எல்லாம் பசங்களுக்காகத்தான்’ என்று கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

விசா ஆலோசனை மையத்தில் டோக்கனோடு காத்திருக்கும் எந்தப் பெற்றோரிடம் வேண்டுமானாலும் ஏன் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சம்பளத்துக்காக என்று ஒருவரும் சொல்ல மாட்டார். “எல்லாம் பசங்களுக்காகத்தான் சார்” என்பார்கள். நல்ல காற்று, டொனேஷன் கேட்காத பள்ளிக்கூடம், நீட் இல்லை, பெண்பிள்ளை சாயங்காலம் சைக்கிளில் போய்விட்டு நிம்மதியாகத் திரும்பலாம். இதில் பெரும்பாலும் பொய் இல்லை. அதனால்தான் மீதியை யாரும் விசாரிப்பதில்லை.

ஏஜென்ட் சொல்லாத, அங்கே செட்டிலான அத்தை மகனும் வாட்ஸ்அப்பில் மூச்சு விடாத சங்கதி இதுதான்: போகிற நாடு உங்கள் குழந்தையை இரண்டு கண்ணால் பார்க்கும். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் அது தனி மனிதர். அரசாங்கம் காக்க வேண்டிய உயிர். தேவைப்பட்டால் உங்களிடமிருந்தும் காக்கும். குடியேற்ற அலுவலகத்தில் அதே குழந்தை அப்பாவின் பெட்டியில் கட்டிவிட்ட சீட்டு. பெட்டி எங்கேயோ சீட்டும் அங்கே. ஒரு பக்கம் மிதமிஞ்சிய பாதுகாப்பு, மறுபக்கம் எந்தப் பிடிமானமும் இல்லை. இரண்டுக்கும் தயாராக இல்லாமல் விமானம் ஏறுகிற குடும்பங்களை நினைத்தால்தான் பகீரென்கிறது.

முதலில் கை நீளும் பழக்கம். ஸ்வீடன் 1979-லேயே பெற்றோர் குழந்தையை அடிப்பதைத் தடை செய்தது. உலகிலேயே முதல் நாடு அதுதான். நார்வே 1987, ஜெர்மனி 2000, நியூஸிலாந்து 2007, ஸ்காட்லாந்து 2020, வேல்ஸ் 2022. முதுகில் ‘செல்லமாக’ வைத்த ஒன்றும் இதில் சேர்த்திதான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வரம்புக்கு உட்பட்டுத் தண்டிக்கலாம் என்று ஒரு சந்து இன்னும் இருக்கிறது. அதை நம்பி இறங்காதீர்கள். அமெரிக்காவில் ஆசிரியரும் டாக்டரும் நர்ஸும் சந்தேகம் வந்தாலே புகார் செய்யச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். ‘மிஸ் ரொம்ப நல்லவங்க, சொன்னா புரிஞ்சுக்குவாங்க’ என்ற கணக்கு செல்லாது. நல்லவராக இருந்தால்தான் முதலில் போனை எடுப்பார்.

எப்படி நடக்கும் என்று கேட்கிறீர்களா? ஐந்து வயதுப் பையன். திங்கட்கிழமை காலை வகுப்பில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, லீவு நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். “நான் பால் குடிக்கலை. கரண்டியைக் காய்ச்சிச் சூடு போட்டுடுவேன்னு அம்மா சொன்னாங்க” என்கிறான், சிரித்துக்கொண்டே. அவனுக்கு அது வேடிக்கை. அம்மா கரண்டியை அடுப்புக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோனதில்லை. ஆசிரியை சிரிக்க மாட்டார். எழுதி வைத்துக்கொள்வார். பையனைத் தனியாக அழைத்துப் பேசுவார்கள். அக்காவை அவள் வகுப்பிலிருந்து வரவழைத்து அதே கேள்வியைத் தனியே கேட்பார்கள். உங்களுக்கு விஷயம் தெரிவது சாயங்காலம் காலிங் பெல் அடிக்கும்போதாக இருக்கலாம். வந்தவர்கள் குரலை உயர்த்த மாட்டார்கள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கலாமா, குழந்தைகள் எங்கே தூங்குகிறார்கள் என்று மரியாதையாகவே கேட்பார்கள். ‘எங்க பிள்ளை, நாங்க அடிப்போம், உங்களுக்கென்ன?’ என்று நீங்கள் எகிறினால் அதுவும் கோப்பில் ஏறும்.

பெரும்பாலான விசாரணைகள் அதோடு முடிந்துவிடும். முடியாதவையும் உண்டு. 2011-இல் நார்வேயின் ஸ்டவாங்கரில் ஒரு வங்காளித் தம்பதியின் இரண்டு குழந்தைகளை அந்நாட்டுக் குழந்தைகள் நலத்துறை எடுத்துக்கொண்டது. கையால் ஊட்டுவது, குழந்தையைப் பெற்றோர் படுக்கையிலேயே தூங்க வைப்பது என்று நமக்குத் தப்பாகவே தோன்றாத சங்கதிகளெல்லாம் அப்போது பேச்சில் அடிபட்டன. இந்திய அரசு தலையிட்ட பிறகு 2012 ஏப்ரலில் குழந்தைகள் சித்தப்பாவின் பொறுப்பில் ஊர் வந்தார்கள். தாயிடம் சேர 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2023-இல் ராணி முகர்ஜி நடித்து இது சினிமாவாகவும் வந்தது. அதே நார்வேயில் 2012 டிசம்பரில், மகனைக் கொடுமைப்படுத்தியதாக ஆந்திராவைச் சேர்ந்த ஓர் ஐ.டி. ஊழியருக்கு 18 மாதமும் அவர் மனைவிக்கு 15 மாதமும் சிறை. பெர்லினில் 2021-இல் ஒரு குஜராத்தித் தம்பதி, கைக்குழந்தைக்குக் காயம் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழந்தையை அரசு காப்பில் எடுத்துக்கொண்டார்கள். குற்றவியல் விசாரணை கைவிடப்பட்டது. ஆனாலும் காயத்துக்குப் பெற்றோர் சொன்ன விளக்கத்தைக் குடும்ப நீதிமன்றம் ஏற்காமல், 2023-இல் குழந்தையைத் திருப்பித் தர மறுத்தது. குற்ற வழக்கு வேறு, குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பது வேறு. இது அங்கே பால பாடம். நம்மவர்களுக்கு அது தலையில் இடி விழுந்த பிறகுதான் தெரிகிறது.

அடிப்பது சரி என்று நான் வாதாட வரவில்லை. இங்கேயும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடுத்திருக்கிறது (அது எந்த லட்சணத்தில் அமலாகிறது என்பது உங்களுக்கே தெரியும்). கையை இங்கேயே கட்டிப் பழகிக்கொண்டு ஏறுங்கள் என்றுதான் சொல்கிறேன். சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்புக்குக் கீழே நீலம் பாரித்த மாதிரித் திட்டு இருக்கும். வளர வளர மறைந்துவிடும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது அடிபட்ட கன்றலாகத் தெரியும். முதல் முறை டாக்டரிடம் காட்டும்போதே அதைக் குழந்தையின் மருத்துவப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பாட்டி ஊரிலிருந்து அனுப்பும் கண் மையில் ஈயம் இருக்கக்கூடும். ரத்தப் பரிசோதனையில் ஈயம் கூடுதலாகத் தெரிந்தால் கேள்விக்கு மேல் கேள்வி வரும். தயிர் பாக்கெட் வாங்கிவிட்டு ரெண்டே நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று காரில் குழந்தையை விட்டுப் போகாதீர்கள். நீங்கள் திரும்புவதற்குள் பக்கத்தில் போலீஸ் நிற்கலாம்.

இனி மறு கண். அமெரிக்காவுக்கு எச்-1பி விசாவில் போகிறவரின் குழந்தை எச்-4. மூன்று வயதில் போயிருக்கும். அங்கேயே படித்து, அந்த ஊர்க் கொடிக்குத்தான் சல்யூட் அடித்திருக்கும். 21 வயது முடிந்தால் எச்-4 செல்லாது. அதற்குள் கிரீன் கார்டு வந்துவிட்டால் தப்பித்தது. வருமா? வேலை அடிப்படையில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000 கார்டு. எந்த ஒரு நாட்டுக்கும் ஏறக்குறைய 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியர்களின் முக்கிய வரிசைகள் 2025-இல்கூட 2013 வாக்கில் விண்ணப்பித்தவர்களோடு நின்றன. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: இன்று கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கே இந்தக் கணக்கு இடிக்கும், எட்டு வயதுப் பிள்ளையோடு போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வயதில் கொஞ்சம் கழித்துக்கொள்ள 2002-இல் ஒரு சட்டம் வந்தது. நம்மவர்களின் நீண்ட வரிசைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிள்ளை மாணவர் விசாவுக்கு மாறி, நேற்று ஊரிலிருந்து வந்து இறங்கிய பையனோடு வரிசையில் நிற்க வேண்டும். இதற்கு நடுவில் அப்பாவுக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி கிடைக்காவிட்டால் பத்தாம் வகுப்புப் பாதியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்படித் திடுதிப்பென்று சென்னைக்கு வந்து, தமிழும் எழுத வராமல், இந்தப் பாடத்திட்டமும் புரியாமல் முழிக்கிற பிள்ளையிடம் ‘உனக்காகத்தான் போனோம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

அங்கேயே பிறந்துவிட்டால் குடியுரிமை என்று நினைப்பவர்களும் உஷார். பிரிட்டனில் 1983 முதலும் ஆஸ்திரேலியாவில் 1986 முதலும் அங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவருக்காவது குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ இருக்க வேண்டும். இதன் கடைசி எல்லையைப் பார்த்தவர்கள் தமிழர்கள்தான். ஆஸ்திரேலியாவின் பிலோயேலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பம். இரண்டு பெண் குழந்தைகளும் ஆஸ்திரேலிய மண்ணில் பிறந்தவர்கள். 2018 மார்ச்சில் விடியற்காலையில் வந்து நால்வரையும் பிடித்துப் போனார்கள். பிறகு கிறிஸ்துமஸ் தீவில் காவல். 2021-இல் சின்னவளுக்கு ரத்தத்தில் கிருமி பரவி பெர்த் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டி வந்தது. அந்த ஊர் ஜனங்களே விடாமல் போராடி, ஆட்சியும் மாறி, 2022-இல்தான் நிரந்தர விசா கிடைத்தது. ‘அவங்க படகுல போனவங்க, நாங்க முறையா போறோம்’ என்பீர்கள். சரிதான். ஆனால் பிறப்பைப் பற்றிய சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இன்னொன்று, கேட்டாலே வயிறு எரியும். ஆஸ்திரேலியாவின் பல விசாக்களில் குடும்பத்தில் ஒருவர் மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் எல்லோருக்கும் மறுப்பு. உடம்புக்கு முடியாமல் போயிருக்க வேண்டும் என்றில்லை. அந்த நபருக்காகும் செலவு அரசுக்கு இவ்வளவுக்கு மேல் போகும் என்று கணித்தாலும் போதும். 2024-இல் அந்த வரம்பை 86,000 டாலராக உயர்த்திக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பெர்த்தில் வருஷக் கணக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கேரளக் குடும்பத்துக்கு, மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்பதைக் காட்டி நிரந்தர விசாவை மறுத்தார்கள். 2023-இல் அமைச்சர் நேரடியாகத் தலையிட்டுத்தான் கொடுத்தார். ஆட்டிசமோ வேறு குறையோ உள்ள பிள்ளைக்கு அங்கே நல்ல சிகிச்சை கிடைக்கும் என்றே பலர் போகிறார்கள். எந்தப் பிள்ளைக்காகப் போகிறார்களோ அந்தப் பிள்ளையையே காரணம் காட்டிக் கதவைச் சாத்தலாம். வீட்டை விற்பதற்கு முன்னால் இதை விசாரியுங்கள்.

பிரிட்டனுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குக் கூப்பிடும் ஏஜென்டுகள் இன்னமும் ‘ஃபேமிலியோட போகலாம்’ என்கிறார்களாம். 2024 மார்ச் 11 முதல் அந்த விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்தவர்கள் குழந்தைகளை அழைத்துப்போக முடியவில்லை. 2025 ஜூலையிலிருந்து வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். 2024 ஜனவரியிலிருந்து பெரும்பாலான வெளிநாட்டு மாணவர்களும் குழந்தைகளை அழைத்துப்போக முடியாது. அங்கே பிறத்தியார் பெற்றோரைக் கவனிக்க, இங்கே நம் பிள்ளையை அம்மாச்சி கவனிக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் பெற்றோரோடு நிரந்தரவாசம் வாங்கும் பையனுக்கு 18 வயதில் இரண்டு வருஷ தேசிய சேவை உண்டு. அது நல்லதா கெட்டதா என்பது உங்கள் பாடு, ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடும் அன்றே தெரிந்திருக்க வேண்டும். துப்பாக்கி பற்றியும் ஒரு வரி: 2020 முதல், கைக்குழந்தைகள் நீங்கலாக, அமெரிக்கக் குழந்தைகள், பதின்வயதினர் சாவுக்கு முதல் காரணம் விபத்தும் அல்ல, நோயும் அல்ல, துப்பாக்கிதான். எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சத்தம் போடாமல் மூலையில் ஒளிந்துகொள்ளப் பயிற்சி எடுக்கிறது.

பாதுகாப்பு என்றால் பக்கத்தில் ஆள் இருப்பதும்தான். 1990-களில் போரிலிருந்து தப்பி டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்குப் போன பல யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் அப்பாவுக்கு இரண்டு வேலை, அம்மாவுக்கு இரவு வேலை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பெடியனுக்குப் பூட்டிய அபார்ட்மென்ட். வெளியில் மிரட்டும் பையன்களிடமிருந்து தப்பிக்கச் சில பேர் கூட்டம் சேர்ந்தார்கள். அந்தக் கூட்டங்கள் கோஷ்டிகளாகி, சுட்டுக்கொண்டு, 2001-இல் போலீஸ் கும்பலாக அள்ளிக்கொண்டு போகும்வரை வந்தது. குண்டுக்குப் பயந்து போன இடத்தில் பிள்ளை கையில் துப்பாக்கி. அந்தத் தலைமுறையில் மிகப் பெரும்பாலானவர்கள் படித்து முன்னுக்கு வந்தார்கள் என்பதும் உண்மை. அவர்களுக்கும் முன்பே சிறுவனாகக் கனடாவுக்குப் போன கெரி ஆனந்தசங்கரி 2025-இல் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரே ஆனார். அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். பூட்டிய அபார்ட்மென்ட் கதையை யாரும் கல்யாண வீட்டில் பேசுவதில்லை.

கடைசியாக, பேசக் கூச்சப்படும் விஷயம். வெளிநாட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் முறிந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிடலாம் என்று பெண்கள் நினைக்கிறார்கள், ஆண்களும்தான். அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மற்றவரின் காப்புரிமையைத் தடுக்கும் நோக்கத்தோடு குழந்தையை நாட்டை விட்டுக் கொண்டுபோவது கூட்டாட்சிக் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை. குழந்தையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, ஆகவே இங்கே வந்துவிட்டால் பயமில்லை என்று சில வக்கீல்கள் தைரியம் சொல்வார்கள். நம்பாதீர்கள். குழந்தையின் நலன் எது என்றுதான் நம் நீதிமன்றங்கள் பார்க்கும். 2019-இல் உச்ச நீதிமன்றமே, தாய் இந்தியாவுக்கு அழைத்து வந்த இரு குழந்தைகளை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னது. சண்டை சச்சரவு இல்லாத வீடானாலும், ஒருவர் மட்டும் குழந்தையோடு ஊருக்கு வரும்போது மற்றவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் கடிதம் நோட்டரி முத்திரையோடு கைப்பையில் இருக்கட்டும். ஏர்போர்ட்டில் கேட்பதுண்டு.