பந்தயப் பாதையில் தொண்டர்கள்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவேயுள்ள மான் தீவின் ‘டி.டி.’ மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி நேயர்கள் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். பிரிட்டனில் பொதுச் சாலையில் பந்தயம் விடச் சட்டம் இடங்கொடாத காலத்தில், அத்தீவின் டின்வால்ட் சபை 1904-ல் சட்டமியற்றிச் சாலைகளை அடைத்துக் கொடுத்தது. 1907-ல் டி.டி. தொடங்கிற்று. வென்றவர் பெயரை உலகம் அறிகிறது. சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதையின் ஓரமெங்கும் கொடியேந்தி நிற்கும் நூற்றுக்கணக்கான ‘மார்ஷல்’களைப் பற்றிப் பேசுவார் இல்லை. அவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

பாதையோ வீட்டுச் சுவரும் கல் மதிலும் கம்பங்களும் நெருங்கிய ஊர்ச்சாலை. 2018-ல் பீட்டர் ஹிக்மன் ஒரு சுற்றை மணிக்குச் சராசரி 135 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் முடித்தார். அதாவது விநாடிக்கு 60 மீட்டர். வீரர்கள் பத்து விநாடிக்கு ஒருவராகப் புறப்படுகின்றனர். ஆயினும் ஒருவர் விழுந்தால் அடுத்தவர் வரப் பத்து விநாடி உண்டென்று நம்பலாகாது. வேகமானவர் நெருங்கி வந்துகொண்டிருக்கலாம். மனம் பதறிச் சாலையில் பாய்கிறவன் தன்னுயிரையும் பிறருயிரையும் சேர்த்துப் போக்குவான். ஆகவே முதலில், வளைவுக்கு முன்பே வீரன் கண்ணிற் படும்படி மஞ்சள் கொடி எழவேண்டும். தலைமை நிலையத்துக்குத் தகவல் போகவேண்டும். பிறகே விழுந்தவரிடம் செல்வதும், வண்டியை அகற்றுவதும். சாலை வழுக்கினால் மஞ்சளில் சிவப்புக் கோடிட்ட கொடி. சிவப்புக் கொடி பந்தயத்தையே நிறுத்துவது. உத்தரவின்றி அதை உயர்த்த எவருக்கும் அதிகாரமில்லை. அடிபட்டவரின் தலைக்கவசத்தைப் பழக்கமில்லாதவன் இழுத்துக் கழற்றினால், கழுத்தெலும்பு முறிந்திருக்கும் பட்சத்தில், பெருந்தீங்காக முடியும். நம் ஊர்ச் சாலை விபத்துகளிலும் உதவியென்ற பெயரால் இது நிகழ்வதுண்டு.

2005-ல் கடமையிலிருந்த மார்ஷல் ஒருவரே பந்தய வண்டி மோதி உயிரிழந்தார். இப்பாதையில் மாண்ட வீரர் தொகை 250-க்கு மேல். இத்தகைய பந்தயம் வேண்டுமா என்று கேட்பவர்களை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் நடத்துவதென்று தீர்மானித்தபின், ஊதியமற்ற தொண்டு என்பதற்காகப் பயிற்சியைக் குறைக்க நியாயமில்லை. ‘இனாமாக வந்து நிற்கிறான், அவனை என்ன கேட்பது?’ என்ற தாட்சண்யம் நம்மவரிடையே நிரம்ப உண்டு. கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் அதன் பலனைக் கண்டிருக்கிறோம். மான் தீவில் அது செல்லாது. ஒரு பகுதிக்குப் போதிய மார்ஷல்கள் வந்து சேராவிடில் பந்தயம் தொடங்குவதில்லை. பெருந்தொகை செலவிட்ட கம்பெனிகளும், புகழ்பெற்ற வீரர்களும், பார்க்க வந்த ஜனத்திரளும் அந்தத் தொண்டர்கள் வரும்வரை காத்திருக்கவேண்டியதுதான்.