நாய்க்கடியும் ஒரு கள்ளச்சாவியும்

நம்ம திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டுக்கு அதோட சாவிதான் சேரும். ரேபிஸ் வைரஸ் செய்வது கள்ளச்சாவி வேலை!

கையை அசைக்க, நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்ற பொருளை அனுப்பும். அது பொருந்துவதற்கென்றே தசைச் செல்லில் புரதப் பூட்டு இருக்கு. வைரஸின் மேலே முள் முள்ளாக நிற்கும் ஜி புரதம் அதே பூட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. நரம்புச் செல்லிலும் அதற்கேற்ற பூட்டுகள் உண்டு. நுழைந்தால் நரம்பு வழியாகவே மூளைக்கு ஏறும். நோய்க்குறி தெரிந்தபின் பிழைப்பது மிக மிக அரிது.

ஆனால் அந்த முட்கள் நிற்பது கொழுப்பு உறையில். சோப்பு கொழுப்பைக் கரைக்குமே! அதனால்தான் கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் சோப்பு போட்டுக் கழுவணும். எங்க அப்பத்தா சுண்ணாம்பு தடவச் சொல்வாங்க. வேண்டாம், அது புண்ணைத்தான் எரிக்கும்.

பிறகு அன்றைக்கே தடுப்பூசி. அதனால் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புப் புரதங்கள் ஜி புரதத்தைப் பிடித்து மூடிவிடும். சாவி பூட்டில் சேராது. 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டியர் நிறுவனம் முன்பு ஆட்டு மூளையிலிருந்து இந்த மருந்தைச் செய்தது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டது அந்தக் காலம். இப்போ கையில்தான், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

திட்டுவாங்கன்னு பயந்து கடியை வீட்டில் மறைக்காதீங்க. ஒரு ஊசியோடு நிறுத்தாம, சீட்டில் எழுதிய எல்லாத் தேதிக்கும் போங்க.

- 10-ஆம் வகுப்பு மாணவி