"சிரியுங்கள்" என்று சொல்லாத காமிரா

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து, டிபன் பாக்ஸும் கையுமாக பஸ்ஸுக்கு நிற்கும் நம்மவர்களை யாராவது படம் பிடித்ததுண்டா? வீட்டுச் சுவரில் தொங்குவது கல்யாணப் படம்தான். அதிலும் ஸ்டூடியோ விறைப்பு! அப்பா உழைக்கும்போது எப்படி இருப்பார் என்பது ஊரிலுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது.

இதே மைசூரில் 1923-ல் பிறந்த டி. எஸ். சத்யன் வேறு ரகம். 'லைப்' பத்திரிகைக்குப் படமெடுத்தவர்தான். ஆனாலும் அவர் மனம் நாடியது தெருவில் விளையாடும் குழந்தைகளையும், பாடுபடும் சாமானியர்களையும். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சர்வதேசக் குழந்தைகள் ஆண்டான 1979-ல், அவர் எடுத்த குழந்தைப் படங்கள் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. 2009-ல் மைசூரிலேயே காலமானார்.

இப்போது எல்லோர் கையிலும் போன் காமிரா உண்டு. பொறுமைதான் இல்லை, எனக்கும்தான். போன வாரம் ஹெப்பாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு தொழிலாளி, டிபன் மூடியில் எலுமிச்சைச் சாதம் வைத்துப் பக்கத்திலிருந்தவருக்கு நீட்டினார். "ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்டேன். மூடி கீழே போயிற்று. இருவரும் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.