சிறகு மொட்டு எந்தப் பக்கம்?

ஆரணியிலும் போளூர் வட்டாரத்து ஊர்களிலும் பாவாகவும் ஊடையாகவும் தறியேறும் பட்டு நூல், இங்கிலாந்தின் ஆற்றங்கரைகளில் நெடுங்காலம் மீன்பிடிப்புக்குரிய பொருளாகவும் விளங்கியது. டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்க, தூண்டில் முள்ளின்மேல் இறகும் உரோமமும் வைத்துக் கட்டிப் பூச்சியைப் போலவே செய்யப்படும் ‘செயற்கை ஈ’க்கு மெழுகு பூசிய பட்டு நூலே கட்டுநூல், அதை வீசும் கயிறும் பட்டைப் பின்னி ஆளிவிதை எண்ணெய் ஏற்றியதே, முள்ளையும் கயிற்றையும் இணைத்த மெல்லிய நரம்போ, கூடு கட்டும் பருவத்தை எட்டிய பட்டுப்புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டி உலர்த்திச் செய்யப்பட்டது. ஸ்பெயின் நாட்டின் முர்சியா பகுதி இந்த நரம்புக்குப் பேர்பெற்றிருந்தது. நைலான் வந்தபின் அத்தொழில் மறைந்தது.

போளூருக்கு மேற்கே ஜவ்வாது மலையில் ஓடைகள் உண்டு. ஆனால் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தும் உயிர்வளி நிறைந்தும் ஓடும் நீரையே விரும்பும் டிரவுட் அங்கு வாழ வழியில்லை. தமிழகத்தில் அதற்கு முதன்மையாக வாய்த்த இடம் நீலகிரியின் உச்சிப் பகுதி. 1863இல் பிரான்சிஸ் டே மேற்கொண்ட முதல் முயற்சி பலிக்கவில்லை, எச். சி. வில்சன் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகே ரெயின்போ டிரவுட் அம்மலை ஓடைகளில் நிலைகொண்டது. அங்கு ஈ கட்டித் தூண்டில் வீசுபவருக்கும் ஐரோப்பிய மீன்பிடிப்பாளருக்கும் எழும் கேள்வி ஒன்றே: நீருக்கடியில் வாழும் இளம்பூச்சியைப் போலச் செய்யும்போது அதன் சிறகை எந்தத் திசையில், எந்தப் பக்கத்தில் வைப்பது?

இதற்கான விடையைப் பூச்சியின் உடலமைப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேஃபிளை எனப்படும் ஒருநாள் பூச்சி, கற்கள் நிறைந்த ஓடைகளில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நிம்ஃப் என்னும் சிறகு முளைக்காத இளம்பருவத்தில் கழிக்கிறது. குற்றாலத்தின் பெயரைத் தாங்கிய ‘பீட்டர்சுலா கோர்ட்டாலென்சிஸ்’ என்னும் இனத்தை கே. ஜி. சிவராமகிருஷ்ணன் 1984இல் விவரித்துப் பதிவு செய்ததிலிருந்து, தமிழக ஓடைகளும் இப்பூச்சிகளுக்கு அந்நியமல்ல என்பது விளங்கும். இளம்பூச்சிக்குச் சிறகு இல்லையெனினும், மார்பின் முதுகுப்புறத்தில் சிறகு மொட்டு எனத்தக்க தட்டையான உறை ஒன்று உண்டு. அதன் முன்விளிம்பு உடலோடு ஒட்டியிருக்க, பின்விளிம்பு வயிற்றை நோக்கி விடுபட்டு நிற்கும். ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் அது நீண்டு, நீரை விட்டு வெளியேறும் நேரம் நெருங்குகையில் உள்ளே மடிந்து கிடக்கும் சிறகால் கருத்துவிடுகிறது. வளர்ந்த மேஃபிளையோ சிறகை உடலின்மேல் மடக்க இயலாமல் நிமிர்த்தியே வைத்திருக்கும். ஸ்டோன்ஃபிளை என்னும் மற்றொரு நீர்ப்பூச்சி சிறகை முதுகில் தட்டையாக மடித்துக்கொள்ளும். கேடிஸ் என்னும் பூச்சி கூரைபோல் சாய்த்துக்கொள்ளும். நீர்ப்பரப்பில் மிதக்கும் செயற்கை ஈக்குச் சிறகை நிமிர்த்திக் கட்டுவதும், மூழ்கும் ஈக்குப் பின்னோக்கிச் சாய்த்துக் கட்டுவதும் இவ்வாறு வந்த வழக்கங்களே.

நிமிர்ந்த சிறகின் பெருமையை இங்கிலாந்தின் மீன்பிடிப்பு எழுத்தாளர் ஹால்ஃபோர்டு 1886இல் எழுதிய நூல் நிலைநாட்டியது. அதற்கு மாறாக, மீன் உண்பது பெரும்பாலும் நீருக்குள் இருக்கும் இளம்பூச்சியையே என்று அதே நாட்டின் ஸ்கூஸ் 1910 முதல் வாதிட்டார். பிடித்த மீனின் வயிற்றிலிருந்தே சான்றை எடுத்துக் காட்டியவர் என்பதால் அவர் தரப்பே வலுவானது. அவருக்குப் பின் வந்த ஃபிராங்க் சாயர், ஏவன் ஆற்றின் காவலராக இருந்தவர், கட்டுநூலையே விலக்கினார்: மெல்லிய செம்புக் கம்பியால் எடையும் கட்டும் ஒருங்கே தந்து, ஃபெசன்ட் பறவையின் வால் இறகிழைகளை மார்பின்மேல் முன்னும் பின்னுமாக மடித்துச் சிறகு மொட்டை உருவாக்கினார். நீந்தும் இளம்பூச்சி கால்களை உடலோடு ஒடுக்கிக்கொள்வதால் அவருடைய ஈக்குக் கால்களே இல்லை. ஆனால் மொட்டின் திரட்சி இருந்தது.

வழக்கமான கட்டில், இழைகளை மார்பின் பின்முனையில் வாலை நோக்கிக் கட்டிவிட்டு, மார்பை உருட்டித் திரட்டிய பின் அவற்றை முன்னோக்கி மடித்து, முள்ளின் காதுக்குப் பின்னால் முடிச்சிடுவர். இழையின் பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு தொடங்கினால்தான் மடித்தபின் அது மேலே வரும். உண்மைப் பூச்சியில் விடுபட்டிருக்கும் பின்விளிம்பு இதில் கட்டுண்டுவிடுகிறது என்பது உன்னித்துப் பார்ப்பவருக்குப் புலப்படும். இரு இணை மொட்டுகள் தனித்தனியே தெரியும் ஸ்டோன்ஃபிளைக்கு மட்டும், இறகைக் கவை வடிவில் வெட்டி முன்புறம் கட்டிப் பின்புறம் தளரவிடுவோர் உண்டு.

இத்தனை நுட்பத்தையும் ஒரு மணி கவிழ்த்துவிடக்கூடும். காதருகே வளைந்த ஜிக் முள்ளில், ஈயத்தைவிடவும் மிகக் கனமான டங்ஸ்டன் மணியைக் கோத்தால், எடை தண்டின் ஒரு பக்கம் குவிந்து, நீரில் முள்முனை மேல்நோக்கித் திரும்பிவிடும்; தண்டின் மேற்புறத்தில் அக்கறையோடு கட்டிய மொட்டு அப்போது ஆற்றுப்படுகையைப் பார்க்கும். அத்தகைய முள்ளுக்கு மொட்டை முனையிருக்கும் பக்கத்திலேயே, அதாவது கட்டும்போது கீழாகத் தோன்றும் பக்கத்தில், வைக்க வேண்டும். வைஸ் என்னும் பிடிகருவியில் முள்ளைக் கவிழ்த்துப் பிடித்துக் கட்டுவது எளிய வழி. கடையில் அழகாகத் தோன்றும் பல ஈக்கள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. அவை கட்டுபவரின் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதியில் வாழ்ந்த சார்லஸ் புரூக்ஸ், நீருக்குள் மூழ்கிப் பார்த்து, வேறொரு முடிவுக்கு வந்தார். உண்மையான இளம்பூச்சி நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும்போதும் முதுகை மேலே வைத்துக்கொள்ள, முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் கட்டிய செயற்கை ஈ உருண்டு புரண்டு தன் வெளுத்த அடியைக் காட்டியதால் மீன்கள் ஒதுங்கின. ஆகவே அவர் மேல், கீழ் என்ற வேறுபாடே இல்லாமல், சுற்றிலும் ஒரே தோற்றம் தரும் ஈக்களைக் கட்டினார். எடை சமநிலையில் நிற்கும் அமைதியான நீரில் சாயரின் மடிப்பும், பாறைகளிடையே நுரைத்துப் பாயும் வேகநீரில் புரூக்ஸின் உருளையும் பொருந்தும். ஆடி மழைக்குப் பின் பெருக்கெடுக்கும் நீலகிரி ஓடையில் மொட்டின் திசையைவிட எடையின் இடமே முதலில் கவனிக்கத்தக்கது.