நேர்ல பார்த்தா தங்கமான மனுஷன்: ஹான்சி குரோனியே கதை

போன வாரம் ஆபீஸ்ல, லஞ்ச் டைம்ல ஒரு வாக்குவாதம். ஒரு கிரிக்கெட் வீரர் பண்ண தப்பைப் பத்திப் பேசிட்டு இருந்தோம். பேர் வேண்டாம். டீம்ல ஒருத்தர் சட்டுனு சொன்னார்: "ஏர்போர்ட்ல அவரைப் பார்த்திருக்கேன்ப்பா. என் பொண்ணைத் தூக்கிவெச்சு போட்டோ எடுத்துக்கிட்டார். தங்கமான மனுஷன்." அதுக்கு மேல யாருக்கும் வாய் வரலை.

அந்த அஞ்சு நிமிஷத்துக்கு நாம எவ்வளவு மதிப்பெண் போடலாம்? இதை யோசிக்க எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் ஹான்சி குரோனியே.

தென்னாப்பிரிக்காவுக்கு 53 டெஸ்ட்ல கேப்டன், அதுல 27 வெற்றி. தெய்வ பக்தி அதிகம். இந்த இடத்துல இயேசு என்ன செய்வார்னு நினைவூட்டுற பட்டையைக் கையில கட்டியிருந்தவர்.

2000 ஏப்ரல் 7 அன்னிக்கு, அவர் புக்கியோட பேசின போன் பதிவு இருக்குன்னு டெல்லி போலீஸ் அறிவிச்சது. அவர் மறுத்தார். அந்த நாட்டு கிரிக்கெட் வாரியமும் அவர் நேர்மையில சந்தேகமே இல்லைன்னு அறிக்கை விட்டது. இவங்க ஏர்போர்ட்ல பார்த்தவங்க இல்லை, வருஷக்கணக்கா பழகினவங்க. நாலே நாள்தான். ஏப்ரல் 11 அன்னிக்கு, தான் முழு உண்மையைச் சொல்லலைன்னு அவரே ஒத்துக்கிட்டார். கேப்டன் பதவி போச்சு.

அப்புறம் கிங் கமிஷன் விசாரணை. அங்கே ரெண்டு பேர் சொன்ன சாட்சியம்தான் எனக்கு முக்கியம்: ஹெர்ஷல் கிப்ஸ், ஹென்றி வில்லியம்ஸ். 2000 மார்ச்ல நாக்பூர் ஒருநாள் போட்டிக்கு முன்னாடி, மோசமா ஆட ஆளுக்கு 15,000 டாலர்னு கேப்டன் பேசியிருக்கார். கிப்ஸ் 20 ரன்னுக்குள்ள அவுட் ஆகணும். வில்லியம்ஸ் 50 ரன்னுக்கு மேல கொடுக்கணும். ரெண்டு பேரும் சரின்னாங்க. ஆனா நடந்தது வேற. கிப்ஸ் 74 அடிச்சார். வில்லியம்ஸ் ரெண்டாவது ஓவர்லயே தோள்பட்டை காயத்தோட வெளியே போனார். காசு வரலை. ஆனாலும் ஆளுக்கு ஆறு மாசம் தடை. குரோனியேவுக்கு ஆயுள் தடை.

ரெண்டு பேருமே வெள்ளையர் அல்லாத வீரர்கள். வில்லியம்ஸ் அப்பதான் டீமுக்குள்ள வந்தவர். கேப்டன் கேட்டா முடியாதுன்னு சொல்றது அவருக்கு எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க.

நாங்க ஒரு கோடை ஒரே ஒரு சுலபமான இன்புட் கொடுத்துப் பார்த்துட்டு டெஸ்ட் பாஸுன்னு சொல்ல மாட்டோம். ரசிகரைச் சந்திக்கிறது அப்படிப்பட்ட இன்புட்தான். சிரிச்சுப் பேசினா அவருக்கு நஷ்டம் இல்லை. கையில அதிகாரம் இருந்து, எதிர்ல இருக்கறவர் மறுக்க முடியாத நிலையில இருக்கும்போது எப்படி நடந்துக்கிட்டார்ங்கறதுதான் கஷ்டமான டெஸ்ட். இன்னொண்ணு, குரோனியே மேல எல்லாருக்கும் இருந்த நம்பிக்கைதான் அந்தப் பேரத்தையே சாத்தியமாக்குச்சு. யாரும் சந்தேகப்படலையே!

2002 ஜூன் 1 அன்னிக்கு விமான விபத்துல அவர் இறந்தார். வயசு 32. 2004ல மகத்தான தென்னாப்பிரிக்கர்கள் யார்னு நடந்த டிவி வாக்கெடுப்புல 11வது இடம் கொடுத்தாங்க. அந்தப் பாசம் பொய்னு நான் சொல்லலை.

ஆபீஸ் நண்பருக்கும் அதைத்தான் சொன்னேன். அந்த போட்டோ உங்க பொண்ணுக்கு நல்ல ஞாபகம், பத்திரமா வெச்சுக்கங்க. ஆனா அந்தத் தப்பால பாதிக்கப்பட்டவங்களும் அவரை நேர்ல பார்த்தவங்கதான். அவங்க சொல்றதையும் கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்.