கொரியாவில் இங்கிலீஷ் டீச்சர் வேலை: சென்னை பி.எட். பட்டதாரிக்கு இடம் இருக்கா?

'கொரியாவில் இங்கிலீஷ் டீச்சர் வேலை. மாதம் ஒன்றரை லட்சம். வீடு ஃப்ரீ.' இன்ஸ்டாகிராமில் கே-டிராமா ரீல்ஸ் நாலு பார்த்தால், ஐந்தாவதாக இப்படி ஒரு விளம்பரம் வந்து நிற்கும். பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்துவிட்டு, மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒரு தனியார் பள்ளியில் இருபதாயிரத்தை எட்டாத சம்பளத்துக்கு ராத்திரி பத்து மணிவரை நோட்டு திருத்திக்கொண்டிருப்பவருக்கு, அதைத் தள்ளிவிட்டு அடுத்த ரீலுக்குப் போக மனசு வராது. கமெண்டில் 'இன்ட்ரஸ்டட்' என்று போட்டால் போதும், தி.நகரில் ஏதோ ஒரு மாடியிலிருந்து போன் வரும். "முன்பணம் மட்டும் கட்டுங்க, மீதியை நாங்க பார்த்துக்கறோம்" என்பார்கள்.

கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் கொஞ்சம் இருக்கின்றன. அந்த வேலை நிஜமாகவே இருக்கிறது. சம்பளமும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆனால் விளம்பரத்தில் சொல்லாத ஒன்று, அந்த வேலைக்கு முதல் தகுதி ஆங்கிலம் இல்லை. பாஸ்போர்ட்.

ஏழு நாடுகளின் பட்டியல்

கொரியாவில் வெளிநாட்டவர் மொழி கற்பிக்க வாங்க வேண்டிய விசாவின் பெயர் இ-2. ஆங்கிலத்துக்கு இந்த விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். அதில் ஒரு பட்டம் வாங்கியிருக்க வேண்டும், எந்தப் பாடமானாலும் சரி. கொரிய மொழியில் இவர்களுக்கு 'வொன்னொமின்' என்று பெயர். அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்று அர்த்தம்.

இந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. சிங்கப்பூரும் இல்லை, பிலிப்பைன்ஸும் இல்லை. எல்கேஜியிலிருந்து எம்.ஏ. வரை இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்தவராக இருந்தாலும் சென்னைவாசி வொன்னொமின் ஆக மாட்டார். அதேசமயம் டொராண்டோவில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையும், டர்பனில் நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணும் ஆவார்கள். வீட்டில் மூன்று பேரும் ஒரே மொழியைத்தான் பேசியிருக்கலாம். குடிநுழைவுக் கவுன்டரில் அட்டையின் நிறம்தான் பேசும்.

இந்தியருக்கு ஒரு ஜன்னல்

கதவு மூடியிருந்தாலும் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருக்கிறது. 2009 ஆகஸ்ட்டில் இந்தியாவும் தென் கொரியாவும் 'செபா' என்ற விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2010 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்பவர்களுக்கு இந்தப் பெயர் அத்துப்படி. சுங்க வரி, இறக்குமதி என்றுதான் அதைப் பற்றிப் பேச்சு வரும். அதே ஒப்பந்தத்தின் உள்ளே, இந்திய ஆங்கில ஆசிரியர்களைக் கொரியப் பள்ளிகளில் துணை ஆசிரியராக எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் இருக்கிறது. கொரியக் குடிநுழைவுத் துறை அதற்கென்றே இ-2 விசாவில் தனி உட்பிரிவு வைத்திருக்கிறது. அதன் எண் இ-2-91.

நிபந்தனைகள் கறார். பட்டம் இருந்தால் மட்டும் போதாது, ஆங்கிலப் பாடத்துக்கான ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். அமெரிக்கர் ஒருவர் கணக்கியல் பட்டத்தோடு போகலாம். இந்தியர் பி.எட்.டோடுதான் போக முடியும். வேலை பள்ளியில் மட்டும்தான். 'ஹாக்வோன்' எனப்படும் தனியார் டியூஷன் சென்டர்களில் இந்த விசாவை வைத்துக்கொண்டு பாடம் எடுக்க முடியாது. விளம்பரத்தில் ஏதாவது ஒரு 'அகாடமி'யின் பெயர் இருந்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று, ஒப்பந்தம் அனுமதி தருகிறதே தவிர வேலை தருவதில்லை. இந்தியரை எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கொரிய மாகாணக் கல்வி அலுவலகத்துக்கும் கட்டாயம் கிடையாது. ஏழு நாட்டவர் வரிசையில் நிற்கும்போது, எட்டாவதாக இன்னும் கூடுதல் காகிதங்களோடு நிற்பவரின் நிலைமை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அங்கே ஒரு நாள்

அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களை எடுக்கும் 'எபிக்' திட்டம் 1995-ல் தொடங்கியது. ஒப்பந்தம் ஒரு வருஷம். காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் நாலரைக்கு வெளியே. வாரத்துக்கு 22 வகுப்புகள். தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்பு 40 நிமிஷம். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுச் செருப்பு மாற்றிக்கொள்ள வேண்டும். நம்மூர்க்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பில் கூடவே ஒரு கொரிய ஆசிரியர் இருப்பார். பாடத்திட்டம், பரீட்சை, மதிப்பெண் எல்லாம் அவர் கையில். வெளிநாட்டு ஆசிரியரின் வேலை பிள்ளைகளைப் பேசவைப்பது. அதற்காக விளையாட்டு, பாட்டு, படம் என்று தினமும் எதையாவது தயார் செய்வது. பத்து வருஷம் தனியாக வகுப்பைக் கட்டி ஆண்ட நம்ம டீச்சருக்கு இந்த 'துணை' என்ற வார்த்தை முதல் மாதத்திலேயே உறுத்தும்.

கோடை விடுமுறையில் கொரிய ஆசிரியர்கள் பெரும்பாலும் பள்ளிக்கு வர மாட்டார்கள். வெளிநாட்டவர் தனக்குள்ள விடுப்பு நாள்கள் தவிர மீதி நாள்களில் வர வேண்டும். இங்கிலீஷ் கேம்ப் நடத்த வேண்டும். அது இல்லாத நாளில் ஆளில்லாத ஸ்டாஃப் ரூமில் நாற்காலியைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே வேலை செய்த யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லிச் சிரிக்கும் கதை இதுதான்.

மதியச் சாப்பாடு பள்ளிக் கேன்டீனில் எல்லோருடனும் சேர்ந்து. சோறு, சூப், கிம்ச்சி, இரண்டு தொட்டுக்கை. சோறு என்றதும் சந்தோஷப்பட வேண்டாம், குச்சியில் எடுக்கும்படி ஒட்டிக்கொள்ளும் அரிசி அது. சைவக்காரருக்கு இன்னும் சோதனை. சூப்பின் அடிப்படையே பல சமயம் காய்ந்த நெத்திலியைக் கொதிக்கவைத்த தண்ணீர். கிம்ச்சியில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ கலந்திருக்கும். 'கறி வேண்டாம்' என்று சொன்னால் மாட்டிறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அன்போடு வைப்பார்கள். மயிலாப்பூர் மாடவீதிக்காரர் டப்பா கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். நெத்திலிக் குழம்புக்காரருக்குக் கவலையில்லை.

இப்போது பணம். விளம்பரம் சொல்லும் ஒன்றரை லட்சத்தைக் கொரியக் கண்ணால் பார்க்கலாம். புதிதாகச் சேரும் வெளிநாட்டு ஆசிரியருக்கு மாதம் 20 லட்சம் வொன்னுக்குச் சற்று மேலே சம்பளம் தொடங்குகிறது. 2025-ல் கொரியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வொன். முழுநேர வேலைக்கு மாதக் கணக்கு போட்டால் 20,96,270 வொன், நம் பணத்தில் சுமார் ஒன்றேகால் லட்சம். அதாவது நமக்கு ஒன்றேகால் லட்சமாகத் தெரிவது, அங்கே கடையில் பில் போடுபவருக்கும் சட்டம் உறுதி செய்திருக்கும் தொகை. மிச்சம் பிடிக்க உதவுவது சம்பளத்தைவிட வீடுதான். அரசுப் பள்ளி வேலையில் வீடு தருவார்கள், அல்லது வாடகைப்படி தருவார்கள். ஒரு வருஷம் முடித்தால் சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரும். பழமும் காய்கறியும் விலை ஏறினால் ஏறினதுதான், கோயம்பேடு அங்கே கிடையாது.

இங்கிலீஷுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

1997 முதல் கொரியாவில் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் கட்டாயப் பாடம். பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் ஹாக்வோனுக்குப் போகிறார்கள். படிப்பு நள்ளிரவைத் தாண்டியதால், சோலில் ராத்திரி பத்து மணிக்குமேல் டியூஷன் சென்டர் நடத்தக் கூடாது என்று விதியே போட வேண்டியிருந்தது. நவம்பரில் நடக்கும் 'சுநுங்' என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில், ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் பதில் எழுதும் பகுதி நடக்கும் சுமார் 35 நிமிஷம் நாடு முழுக்க விமானங்கள் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்க வேண்டும். நீட் தேர்வைப் பார்த்தவர்களுக்கே இது கொஞ்சம் ஓவராகத் தெரியும்.

இவ்வளவு தூரம் ஆங்கிலத்தைத் துரத்துபவர்களுக்கு, ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகக் கற்று ஜெயித்த ஆசிரியர் எவ்வளவு உபயோகம் என்பதைத்தான் ஏழு நாட்டுப் பட்டியல் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. 'காஃபி'யில் உள்ள ஒலி கொரியருக்கு வராது, 'கொபி' என்பார்கள். தமிழருக்கும் அது காபிதான். கொரிய எழுத்தில் 'க' சொல்லின் முதலில் ஒரு மாதிரியும் நடுவில் 'க'கரம் மெலிந்து இன்னொரு மாதிரியும் ஒலிக்கும். கடல், அகம் என்று சொல்லிப் பார்த்தால் நமக்குப் புரிந்துவிடும். வாக்கிய அமைப்பும் அப்படியே. 'நான் பள்ளிக்குப் போறேன்' என்பதை அதே வரிசையில் 'நா-நுன் ஹாக்யோ-எ காயோ' என்கிறார்கள். கடைசியில் வரும் 'யோ', மரியாதைக்கு நாம் சேர்க்கும் 'ங்க' மாதிரி. இந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்று தமிழ் டீச்சருக்கு முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் அவரும் அங்கேதான் விழுந்து எழுந்தவர்.

இந்த ஒற்றுமையைப் புத்தகமாகவே எழுதியவர், கொரியாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போன முதல் தலைமுறை வெளிநாட்டவரில் ஒருவர் என்பது சுவாரசியமான விஷயம். அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் 1886-ல், 23 வயதில், கொரிய அரசரின் ஆங்கிலப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1905-ல் கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. 'அப்பா' அங்கேயும் அப்பாதான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளுக்கு மட்டும் நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

காகிதமும் ஏஜென்ட்டும்

முயற்சி செய்து பார்க்கலாம் என்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் கன்சல்டன்சி இல்லை. கொரியத் துணைத் தூதரகம் மயிலாப்பூர் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையிலேயே இருக்கிறது. செபா பிரிவில் உங்கள் பி.எட். சான்று செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்க. கொரிய மொழி கொஞ்சம் தெரிந்தால் ஸ்டாஃப் ரூம் வாழ்க்கை எளிது. அடையாறு கிளப் கேட் சாலையில் 2006 முதல் இயங்கும் இன்கோ சென்டரில் கொரிய மொழி வகுப்பு உண்டு.

பட்டச் சான்றிதழுக்கு 'அப்போஸ்டில்' முத்திரை வேண்டும். மாநில அரசின் சான்றொப்பம் வாங்கிய பிறகு வெளியுறவு அமைச்சகம் அதைத் தரும். போலீஸ் சான்றிதழைச் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் பாஸ்போர்ட் சேவை மையங்கள் வழியாக எடுக்கலாம், அதற்கும் அப்போஸ்டில் தேவை. அங்கே இறங்கிய பிறகு போதைப்பொருள் பரிசோதனை உட்பட மருத்துவச் சோதனை இருக்கும். ஆங்கில ஆசிரியர்களுக்குக் கட்டாயமாக இருந்த எச்.ஐ.வி. பரிசோதனையை, நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் ஐ.நா. குழு வரை போய் வாதாடியதைத் தொடர்ந்து 2017-ல் கைவிட்டார்கள்.

எபிக் திட்டத்துக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், குடிபெயர்வோர் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், கூடவே ஜிஎஸ்டி. பதிவு இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் போனிலேயே பார்த்துவிடலாம். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று யாராவது கேட்டால் ரசீது கேளுங்க, பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

"முதல்ல டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்" என்பது இதைவிட ஆபத்தான வார்த்தை. சுற்றுலா விசாவில் வகுப்பெடுத்துப் பிடிபட்டால் அபராதம், நாடுகடத்தல், மறுபடி உள்ளே நுழையத் தடை என்று போகும். படிக்கப் போன மாணவர் அனுமதியில்லாமல் வீட்டில் டியூஷன் எடுத்தாலும் சிக்கல்தான்.

கொரியப் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்குகிறது. அந்தப் பருவத்துக்கான எபிக் விண்ணப்பம் முந்தைய ஆகஸ்ட்டிலேயே திறக்கும், ஆகஸ்ட் பருவத்துக்குப் பிப்ரவரியில். பட்டச் சான்றிதழ் வேலையை எப்போது வேண்டுமானாலும் முடித்து வைக்கலாம். போலீஸ் சான்றிதழை மட்டும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், ஆறு மாதத்துக்குமேல் பழசானால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.